'நாம்' என்பதும் 'நாங்கள்' என்பதும்: தகாலொக் பழகும் பிள்ளைகள்

பிலிப்பைன்ஸில் ஒரு பிள்ளை தகாலொக் மொழியில் ஆரம்பத்திலேயே பழகிவிடும் சொற்களில் மூன்று, சாப்பாட்டோடு சம்பந்தப்பட்டவை. வயலில் விளைந்து நிற்பது 'பாலாய்'. குற்றித் தீட்டி எடுத்தது 'பிகாஸ்'. சமைத்துக் கோப்பையில் போட்டது 'கானின்'. ஆங்கிலம் இந்த மூன்றையும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடும். நெல், அரிசி, சோறு என்று பிரித்துச் சொல்லிப் பழகிய எங்கள் பிள்ளைகளுக்கோ இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. கஞ்சிக்கு 'லூகாவ்' என்றும், பானையின் அடியில் பிடித்துக் கருகிய சோற்றுக்கு 'துத்தோங்' என்றும் அங்கு தனித்தனிச் சொற்கள் உண்டு.

மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டுவேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் போய்வந்த எங்கள் பெண்களில் பலர் தகாலொக் மொழியைக் காதால் கேட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுச் சமையலறையில், வைத்தியசாலைத் தாதியர் வாயில், விமான நிலைய வரிசையில் கேட்ட மொழி அது. ஆனால், அந்த மொழியை அதன் சொந்த நாடு தன் பிள்ளைகளுக்கு எப்படி அறிமுகம் செய்கிறது, அதில் யாருடைய பிள்ளைகள் சிரமப்படுகிறார்கள் என்பது எங்கள் ஊடகங்களில் பேசப்படாத விடயம். மொழியின் பெயரால் ஒரு நாடு என்னவெல்லாம் ஆகும் என்பதைக் கண்டவர்கள் நாங்கள். அதனால் இந்தக் கதையை எங்களால் வேறு யாரையும்விடச் சற்று நிதானமாக வாசிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

மொழியிலிருந்தே தொடங்குவோம். தகாலொக் மொழியில் 'தாயோ' என்றால் நாம்; பேசுபவரும் கேட்பவரும் சேர்ந்தது. 'காமி' என்றால் நாங்கள். கேட்பவர் அதில் இல்லை. ஆங்கிலம் பேசி வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டைப் படிப்பிக்க ஆசிரியர்கள் படாதபாடு படுவதுண்டு. தமிழ்ப் பிள்ளைக்கு இது ஒரு நிமிட வேலை. இன்னொரு பக்கத்தில், எங்களுக்கு விநோதமாகத் தெரியும் விடயமும் உண்டு: அவன், அவள் என்ற பிரிவு அங்கே இல்லை. இருவருக்கும் 'ஷா' என்ற ஒரே சொல்தான். எழுதும்போது அது 'சியா'. மரியாதையைக் காட்ட வினைமுற்றை மாற்றுவதற்குப் பதிலாக 'போ' என்ற சின்னச் சொல்லை வசனத்துக்குள் செருகிவிடுவார்கள். பெரியவர்களோடு பேசும்போது அந்தப் 'போ' வராவிட்டால் பிள்ளைக்கு வீட்டில் பேச்சு விழும். தமிழ்க் காதுக்கு அது வேறுவிதமாக ஒலித்தாலும் அங்கே அதுதான் பணிவின் அடையாளம்.

பிள்ளைகளுக்கு இந்த மொழி பிடித்துப்போக ஒரு முக்கிய காரணம், அதன் வினைச்சொற்கள் விளையாட்டுப் பொருட்கள் போல இருப்பது. 'தக்போ' என்றால் ஓட்டம். 'துமக்போ' என்றால் ஓடினார். 'துமதக்போ' என்றால் ஓடிக்கொண்டிருக்கிறார். 'ததக்போ' என்றால் ஓடுவார். முதல் அசையை இரட்டிப்பதாலும் நடுவில் 'உம்' என்பதை நுழைப்பதாலும் காலம் மாறுகிறது. வெளியிலிருந்து வரும் எந்தச் சொல்லையும் இந்த இயந்திரம் அரைத்துத் தனதாக்கிவிடும். கைத்தொலைபேசி வந்தபோது டெக்ஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லை எடுத்து 'நக்டெக்ஸ்ட்' (குறுந்தகவல் அனுப்பினார்), 'நக்டெடெக்ஸ்ட்' (அனுப்பிக்கொண்டிருக்கிறார்), 'மக்டெடெக்ஸ்ட்' (அனுப்புவார்) என்று எந்தச் சிரமமும் இல்லாமல் மாற்றிக்கொண்டார்கள். நாங்கள் 'டெக்ஸ்ட் பண்ணினான்' என்று ஒரு 'பண்ணு'வைத் துணைக்குக் கூப்பிடுகிற இடத்தில் அவர்கள் முன்னொட்டைக் கூப்பிடுகிறார்கள்.

ஒரு சின்ன இடைச்செருகல். தமிழ் அரிச்சுவடியில் ஙகர வரிசையை மனனம் செய்த எல்லோரும் ஒரு தடவையாவது யோசித்திருப்போம், இந்த எழுத்தில் தொடங்கும் சொல் எங்கே என்று. தகாலொக்கில் அது தாராளமாக இருக்கிறது. பல்லுக்கு 'ஙீபின்'. புன்னகைக்கு 'ஙிதி'. ரோமன் எழுத்தில் இந்த ஒலிக்கு இரண்டு எழுத்துகளை அடுக்க வேண்டியிருக்கும். தமிழில் ஒன்றே போதும்.

உறவு இதோடு முடியவில்லை. மாம்பழத்துக்கு அவர்கள் சொல்வது 'மங்கா'. எங்கள் மாங்காய் மலாய் வழியாகப் போய்ச் சேர்ந்த சொல் அது. முகத்துக்கு 'முக்கா', நம்பிக்கைக்கு 'ஆசா', ஆசிரியருக்கு 'குரோ' போன்றவை சமஸ்கிருதத்திலிருந்து மலாய்த் தீவுகள் ஊடாகப் போனவை. இவற்றுக்குள் என்னை நிறுத்தி வைத்த சொல் 'பிலங்கோ'. கைதி என்று அதற்கு அர்த்தம். சிறைச்சாலைக்கு 'பிலங்குவான்'. தமிழின் 'விலங்கு', கையிலும் காலிலும் பூட்டும் விலங்கு, மலாயில் 'பெலெங்கு' ஆகித் தகாலொக்கில் அந்த விலங்கு பூட்டப்பட்ட மனிதனின் பெயராகிவிட்டது. வணிகர்களோடு கடல் கடந்த சொற்களில் மிளகும் பட்டும் மட்டும் இருந்திருக்கவில்லை என்று தெரிகிறது.

இலங்கைத் தமிழர்களுக்கு மட்டுமே உடனடியாகப் பிடிபடும் இன்னொரு வரிசையும் உண்டு. பிலிப்பைன்ஸ் பிள்ளை காலில் போடுவது 'சபாத்தொஸ்'. குளித்துவிட்டுத் துடைப்பது 'துவல்யா'. எழுதுவது 'மேசா'வில். காலையில் கடிப்பது 'பான் டி சல்' என்னும் சிறு பணிஸ். சப்பாத்து, துவாய், மேசை, பாண் என்று நாங்கள் சொல்கிறவற்றின் ஒன்றுவிட்ட சகோதரங்கள் இவை. எங்களுக்குப் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. அவர்களுக்கு 300 ஆண்டுகளுக்கும் மேல் ஆண்ட ஸ்பானியரிடமிருந்து வந்தவை. தமிழ்நாட்டில் ஒருவரிடம் சப்பாத்து என்று சொல்லிப் பாருங்கள், விழிப்பார். மணிலாவில் ஊகித்துவிடுவார்கள்.

அண்ணனுக்கு 'குயா', அக்காவுக்கு 'ஆத்தெ' என்பவை சீனத்தின் ஹொக்கியன் பேச்சுவழக்கிலிருந்து வந்தவை. கடைக்குப் போகும் பிள்ளை எண்களைத் தகாலொக்கில் ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். ஆனால் நேரத்தை ஸ்பானிய எண்களில்தான் சொல்லும். விலையைச் சொல்லும்போது ஆங்கிலமும் ஸ்பானியமும் மாறிமாறி வரும். மூன்று எண்வரிசைகளை ஆறு வயதுக்குள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். மணிலாவின் வசதியான குடும்பங்களில் இன்று பெற்றோர் பிள்ளையோடு ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். யூடியூப் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. அந்தப் பிள்ளைகள் பாடசாலைக்கு வந்தபின் 'லபிங்-இசா' என்றால் பதினொன்று என்று பாடமாகப் படிக்கிறார்கள். கொழும்பில் தமிழ் எண்களோடு தடுமாறும் பிள்ளைகளைக் கண்டவர்களுக்கு இதுவும் புதிதல்ல.

எழுத்தின் கதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்பானியர் வருமுன் தகாலொக் மக்களிடம் 'பைபாயின்' என்னும் எழுத்து இருந்தது. 17 எழுத்துகள், 14 மெய், 3 உயிர். ஒவ்வொரு மெய்யும் தன்னோடு அகரத்தைச் சுமந்து வரும். மேலே ஒரு கீறல் போட்டால் இகரம், கீழே போட்டால் உகரம். பிராமியின் வழிவந்த குடும்பம் அது. எங்கள் உயிர்மெய் முறையின் தூரத்து உறவு. ஆனால் புள்ளி இல்லை. சொல்லின் கடைசியில் வரும் மெய்யை எழுதாமலே விட்டுவிடுவார்கள், வாசிப்பவர் ஊகித்துக்கொள்ள வேண்டும். 1593 இல் மணிலாவில் அச்சான கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் ஸ்பானியத்தோடு இந்த எழுத்தும் இடம்பெற்றது. பிறகு ரோமன் எழுத்து அதை வழக்கிலிருந்து தள்ளிவிட்டது. இன்று அது பெசோ நோட்டிலும் கடவுச்சீட்டிலும் அலங்காரமாக நிற்கிறது. இளைஞர்கள் கையில் பச்சை குத்திக்கொள்கிறார்கள். அதைப் பாடசாலைகளில் கட்டாயமாக்க வேண்டும் என்ற கோரிக்கை அடிக்கடி எழுகிறது. மற்ற இனத்தவர் உடனே கேட்பார்கள்: பைபாயின் மட்டும்தானா எழுத்து? மிந்தோரோ தீவின் மங்யான் மக்களும் பலவான் தீவின் தக்பன்வா மக்களும் தங்கள் சொந்த எழுத்தை இன்றும் காப்பாற்றி வைத்திருக்கிறார்களே? நியாயமான கேள்வி.

அதுதான் இந்தக் கதையின் முடிச்சும். தகாலொக் அந்த நாட்டின் பெரும்பான்மை மொழியே அல்ல. 130க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படும் தீவுக்கூட்டத்தில் தகாலொக் இனத்தவர் சுமார் நான்கில் ஒரு பகுதியினர். தெற்கிலும் நடுத்தீவுகளிலும் செபுவானோ பேசுவோர் பல மில்லியன் பேர். ஆனால் தலைநகர் மணிலா தகாலொக் பேசும் நிலத்தில் இருந்தது. அச்சகங்களும் பத்திரிகைகளும் அங்கேயே இருந்தன. 1937 டிசம்பர் 30 ஆம் திகதி ஜனாதிபதி மனுவேல் கேசொன், தேசிய மொழி தகாலொக் மொழியை அடிப்படையாகக் கொண்டு அமையும் என்று அறிவித்தார். 1940 இலிருந்து பாடசாலைகளில் அது பாடமானது. 1959 இல் அதற்கு 'பிலிப்பினோ' என்று பெயர் மாற்றினார்கள். தகாலொக் எழுத்தில் அன்று 'ஃப' இல்லாததால் 'ப' போட்டு எழுதினார்கள். 1987 அரசியலமைப்பு 'ஃபிலிப்பினோ' என்று எழுதியதோடு, நாட்டின் ஏனைய மொழிகளிலிருந்தும் பிறமொழிகளிலிருந்தும் அது வளர்க்கப்படும் என்றது. ஆங்கிலம் இன்னொரு உத்தியோக மொழியாகத் தொடர்ந்தது.

1956 ஐ நினைக்காமல் இந்தப் பகுதியை எங்களால் கடக்க முடியாது. வேறுபாடுகள் உண்டு. அங்கே எந்த ஓர் இனமும் தனியே பெரும்பான்மையாக இல்லை. ஆங்கிலத்தை ஒரே இரவில் அகற்றவும் இல்லை. தேசிய மொழி தெரியாததற்காக அரச ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பவும் இல்லை. ஆனால் பெயரை மாற்றினால் மொழி மாறிவிடுமா என்ற கேள்வியை செபு நகரத்தவர்கள் இன்றும் கேட்கிறார்கள். 'ஃபிலிப்பினோ என்பது சட்டை மாற்றிய தகாலொக்' என்ற எரிச்சல் அங்கே பொதுவானது. அந்த எரிச்சலில் பெருமளவு உண்மை இருக்கிறது என்பதே என் கருத்து.

எரிச்சலுக்கு மருந்தாகத்தான் சொல்வளத்தைத் திறந்துவிட்டார்கள். 1940 இல் லோப்பெ கே. சந்தோஸ் எழுதிய இலக்கணம் 20 எழுத்துகளை மட்டுமே ஏற்றது. 'அ, பா, கா, டா' என்று தொடங்குவதால் அதற்கு அபகடா என்று பெயர். 1987 இல் அது 28 ஆனது. புதிதாக வந்த ஃப, வ, ஜ, ஸ போன்ற ஒலிகளுக்கான எழுத்துகள் ஆங்கிலத்துக்காக என்று பலர் நினைத்தார்கள். ஆனால் வடக்கே புயல் வீசும் பத்தானெஸ் தீவுகளின் இவதான் பெண்கள் தலையில் போடும் ஓலைக் கவசத்தின் பெயர் 'வக்குல்'. மலைநாட்டு இபலோய் மக்களின் சிலந்தி வலை 'சஃபொத்'. தெற்கே தெதுராய் மக்களின் புல்லாங்குழல் 'ஃபலென்டாக்'. இந்தச் சொற்களை அவற்றின் சொந்த ஒலியோடு பாடப்புத்தகத்தில் எழுதுவதற்கு அந்த எழுத்துகள் தேவைப்பட்டன. நீதி என்பதற்கு இன்று நாடெங்கும் வழங்கும் 'கதாருங்கான்' என்ற சொல்கூட விசாயா மொழிகளில் நேர், செம்மை என்று பொருள்படும் 'தாரொங்' என்பதிலிருந்து எடுத்துக் கட்டியதுதான்.

தூய்மைவாதிகளின் காலமும் இருந்தது. 1960களில் அறிவியலுக்குச் சுத்தமான உள்ளூர்ச் சொற்களை ஆக்கினார்கள். மனம் என்ற சொல்லையும் வரிசை என்ற சொல்லையும் ஒட்டிக் கணிதத்துக்கு 'சிப்நாயன்' என்றார்கள். அழகான சொல். ஆனால் பிள்ளைகள் 'மத்தெமத்திகா' என்றே சொல்லிக்கொண்டு போனார்கள். பாடப்புத்தகத்தில் துவிச்சக்கர வண்டி என்று வாசித்துவிட்டு வீட்டுக்குச் சைக்கிளில் வந்த எங்களுக்கு இது நன்றாகவே தெரிந்த கதை. ஒன்று கவனிக்க வேண்டும்: அண்மைக்காலமாக இணையத்தில் இளையவர்கள் இந்தப் பழைய ஆக்கச்சொற்களைத் தேடிப்பிடித்துப் பகிர்கிறார்கள். அதிகாரிகள் சொன்னபோது சிரித்த அதே சொற்கள், தாங்களாகக் கண்டெடுக்கும்போது இனிக்கின்றன.

பிள்ளைகளிடம் மொழியை உண்மையில் கொண்டுபோய்ச் சேர்த்தது ஆணைக்குழுக்களைவிட ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிதான். 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய 'பத்திபொத்'. முதலில் அமெரிக்காவின் சிசமி ஸ்ட்ரீட் நிறுவனத்தோடு சேர்ந்து ஆங்கிலமும் ஃபிலிப்பினோவும் கலந்து நடந்த நிகழ்ச்சி, பிறகு முழுக்க ஃபிலிப்பினோவில் தன் காலில் நின்றது. பத்திபொத் என்றால் சின்ன உருவம், ஆனால் உறுதியானது என்று அர்த்தம். அதில் வந்த பெரிய பொம்மைகள் இரண்டு: பொங் என்ற ஆமையும் கீக்கோ என்ற குரங்கும். இந்த இருவரும் எங்கிருந்தோ பிடிக்கப்பட்டவர்கள் அல்ல. ஆமையும் குரங்கும் ஒரு வாழைமரத்தைப் பங்கு போட்டுச் சண்டை பிடிக்கும் நாட்டார் கதை அங்கே எல்லாப் பாட்டிமாருக்கும் தெரியும். தேசிய வீரர் ஹொசே ரிசால் அந்தக் கதையை 1889 இல் லண்டன் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார். அதை நினைவுகூர்ந்து ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதத்தின் மூன்றாவது செவ்வாய்க்கிழமையை தேசிய சிறுவர் நூல் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஓகஸ்ட் முழுவதும் மொழி மாதம். பாடசாலைப் பிள்ளைகள் பாரம்பரிய உடை உடுத்திக் கவிதை ஒப்புவிக்கும் மாதம்.

சொற்கள் மாறும் வேகத்தைப் பதிவு செய்ய அவர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. 2004 முதல் மொழிபெயர்ப்பாளர்களின் நிறுவனம் ஒன்று இடைக்கிடை 'ஆண்டின் சொல்' ஒன்றைத் தெரிவு செய்கிறது. அறிஞர்கள் ஒவ்வொரு சொல்லுக்காகவும் கட்டுரை எழுதி வாதாடுவார்கள். 2006 இல் வென்றது 'லோபாத்': மின்கலம் தீர்ந்த தொலைபேசி, பிறகு களைத்துப்போன மனிதர்களுக்கும் அதே சொல். 2007 இல் 'மிஸ்கோல்'. 2010 இல் 'ஜெஜெமொன்': எழுத்துகளை முறுக்கித் திருகிக் குறுந்தகவல் அனுப்பும் பதின்ம வயதினருக்கு வைத்த பட்டப்பெயர். கல்வி அமைச்சு அந்த எழுத்துமுறையைக் கண்டித்தது. பிள்ளைகள் இன்னும் கூடுதலாகத் திருகினார்கள். அசைகளைத் தலைகீழாக்கிப் பேசுவது அங்கே பழைய விளையாட்டு. 2017 அளவில் அது மீண்டும் வெடித்தது. ஐடல் 'லோடி' ஆனது. பவர் 'வெர்பா' ஆனது. அரசியல்வாதிகளும் வாக்குக்காக அப்படிப் பேசத் தொடங்கியதும் பிள்ளைகளுக்கு அதில் சுவாரசியம் குறைந்துபோனது.

2018 இன் சொல் வேறு மாதிரியானது: 'தொக்ஹங்'. செபுவானோ மொழியில் கதவைத் தட்டுவதற்கு 'தொக்தொக்'. கெஞ்சிக் கேட்பதற்கு 'ஹங்யோ'. போதைப்பொருள் பாவிப்பவர்களின் வீட்டுக் கதவைத் தட்டித் திருந்தும்படி பணிவாகக் கேட்பது என்று ரொட்ரிகோ டுட்டர்டேயின் ஆட்சியில் பொலிஸார் தங்கள் நடவடிக்கைக்கு வைத்த பெயர் அது. அரச கணக்கின்படியே 6,000க்கும் மேற்பட்டோர் அந்த நடவடிக்கைகளில் கொல்லப்பட்டனர். மனித உரிமை அமைப்புகள் சொல்லும் தொகை அதைவிடப் பல மடங்கு. சில மாதங்களில் தொக்ஹங் என்றால் கொலை என்று ஆகிவிட்டது. 'அவரைத் தொக்ஹங் செய்துவிட்டார்கள்' என்று பிள்ளைகள் சாதாரணமாகச் சொல்லும் நிலை வந்தது. வெள்ளை வான் என்ற இரண்டு சொற்கள் எங்களுக்கு ஒரு வாகனத்தின் நிறத்தைச் சொல்வதை எப்போது நிறுத்தின என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டுட்டர்டே 2025 மார்ச்சில் கைது செய்யப்பட்டு ஹேக் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டார். சொல் அகராதியில் இருக்கிறது.

இனி, தகாலொக் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளைப் பற்றி. ஒரு மரனாவ் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மரனாவ். பள்ளிவாசலில் அரபு. பாடசாலையில் ஃபிலிப்பினோவும் ஆங்கிலமும். முதலாம் வகுப்பில் ஆசிரியர் சொல்லும் கணக்குப் புரியாததற்குக் காரணம் கணக்கு அல்ல, மொழி. இதை அறிந்துதான் 2009 இல் கல்வித் திணைக்களம் தாய்மொழிவழிக் கல்விக்கு உத்தரவிட்டது. 2012 இல் 12 மொழிகளோடு நாடு முழுவதும் அது தொடங்கியது. அடுத்த ஆண்டே சட்டமாகி மொழிகள் 19 ஆகின. தரம் 3 வரை பிள்ளையின் சொந்த மொழியில் படிப்பிப்பது, பிறகு படிப்படியாக ஃபிலிப்பினோவுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றுவது என்பது திட்டம். கலிங்கா மலைப்பகுதியின் லுபுவாகன் பாடசாலைகளில் அதற்கு முன்பே செய்து பார்த்த முயற்சியில், தாய்மொழியில் படித்த பிள்ளைகள் ஆங்கிலம் உட்பட எல்லாப் பாடங்களிலும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்திருந்தார்கள்.

நாடளாவிய நடைமுறை வேறாக இருந்தது. ஒவ்வொரு மொழிக்கும் வாசிப்பு நூல், எழுத்துமுறை, இலக்கணம், அகராதி ஆகிய நான்கும் வேண்டும் என்று விதித்தார்கள். அரச ஆய்வு நிறுவனம் ஒன்று கணக்கெடுத்தபோது, நான்கையும் செய்து முடித்திருந்தவை பத்தில் ஒன்றுக்கும் குறைவான பாடசாலைகளே. செபு ஆசிரியர் இலோக்கோ பேசும் வகுப்பில் நின்றார். ஒரே வகுப்பில் நான்கு மொழிப் பிள்ளைகள் இருந்தார்கள். பெற்றோர் 'ஆங்கிலம் படிப்பியுங்கள், எங்கள் மொழியை நாங்கள் வீட்டில் பார்த்துக்கொள்கிறோம்' என்றார்கள். 2017 இல் மராவி நகரில் இராணுவத்துக்கும் ஆயுதக்குழுக்களுக்கும் இடையே ஐந்து மாதங்கள் நடந்த போர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரை இடம்பெயர்த்தபோது, மரனாவ் பிள்ளைகள் பலர் பக்கத்து நகரங்களில் விசாயா மொழி பேசும் வகுப்புகளில் போய் உட்கார்ந்தார்கள். தாய்மொழிவழிக் கல்வி என்ற திட்டம் சட்டப்படி அங்கே இருந்தது. அது அந்த ஊரின் தாய்மொழியாக இருந்தது.

இடம்பெயர்ந்த பாடசாலைகளில் படித்தவர்கள் எங்களில் ஏராளம். அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்திருக்கும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை. ஒரு வித்தியாசம் மட்டும்: முகாமின் தகரக் கொட்டிலிலும் மரத்தடியிலும் எங்களுக்குப் பாடம் தமிழில் நடந்தது.

2024 ஒக்டோபரில் அந்தத் திட்டத்தின் கட்டாயத் தன்மையை ஒரு புதிய சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. ஜனாதிபதி கையொப்பமிடவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை. காலக்கெடு கடந்ததால் அது தானாகச் சட்டமாகியது. பாடமொழி மீண்டும் ஃபிலிப்பினோவும் ஆங்கிலமும். ஒரே மொழி பேசும் பிள்ளைகள் மட்டும் உள்ள வகுப்புகளில், அதுவும் எழுத்துமுறை, அகராதி, இலக்கணம், நூல்கள், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இருந்தால், விரும்பினால் தாய்மொழியைப் பயன்படுத்தலாம் என்கிறது சட்டம். அதாவது, அரசு செய்து கொடுக்கத் தவறிய அதே பொருட்கள் இருந்தால். பன்னிரண்டு ஆண்டு என்பது பாடநூல் எழுதுவதற்கே போதாத காலம். அதற்குள் தோல்வி என்று தீர்ப்பெழுதியது அவசரம் என்று நினைக்கிறேன். நிலைமையை எதிர்ப்புறமிருந்து பார்ப்பவர்களின் வாதமும் வெறுமையானதல்ல: கலப்புக் குடியிருப்புகள் நிறைந்த நகரங்களில் ஒரு வகுப்பின் தாய்மொழி எது என்று யார் தீர்மானிப்பது? சர்வதேசப் பரீட்சைகளில் அந்நாட்டுப் பிள்ளைகளின் வாசிப்புத் திறன் கடைசி வரிசைகளில் நிற்கும்போது பெற்றோர் எவ்வளவு காலம் பொறுப்பது?

இனி ஒரு வினைச்சொல். தகாலொக்கில் 'நவாலா' என்றால் காணாமல் போனார். ஒரு குடை காணாமல் போவது போல, யாரும் பொறுப்பில்லை. அதே வேரிலிருந்து 'இவினாலா' என்ற வடிவமும் உண்டு: காணாமல் ஆக்கப்பட்டார். பேர்டினன்ட் மார்கோஸ் 1972 இல் கொண்டுவந்த இராணுவச் சட்டத்தின் காலத்திலும் அதன் பின்பும் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் இரண்டாவது வடிவத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்பானியத்தின் 'தெசப்பரெசிதோஸ்' என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். 'காணாமல் போனோர்' என்று அதிகாரிகள் எழுதிய இடங்களில் எல்லாம் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று திருத்தும்படி எங்கள் தாய்மார் வீதியோரக் கொட்டில்களில் இருந்துகொண்டு கேட்ட அதே திருத்தம். வலிந்து காணாமல் ஆக்கப்படுதலைக் குற்றமாக்கும் சட்டம் 2012 டிசம்பரில் பிலிப்பைன்ஸில் கையொப்பமானது. ஆசியாவில் அத்தகைய முதலாவது சட்டம் அது.

இந்தச் சொற்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? 1980 இல் தொடங்கப்பட்ட அடார்னா ஹவுஸ் என்னும் சிறுவர் நூல் பதிப்பகம் சொல்லலாம் என்றது. அவர்களின் படப்புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் ஃபிலிப்பினோவும் ஆங்கிலமுமாக வருபவை. ஓகி ரிவேரா எழுதிய ஒரு புத்தகம், இராணுவச் சட்டத்துக்கு முந்தைய நாட்களை ஒரு சிறுவனின் கண்ணால் காட்டுகிறது. அவர் 2014 இல் எழுதிய இன்னொன்றின் பெயர் 'காகிதத் தோட்டம்' என்று பொருள்படும். அரசியல் கைதியாகத் தடுத்து வைக்கப்பட்ட தாயைப் பார்க்கப் போய்வரும் சிறுமி ஜென்னியின் கதை அது. தாய் அவளுக்குக் காகிதத்தில் பூக்கள் செய்து கொடுக்கிறாள். புத்தகத்தில் கோஷம் இல்லை. பெரிய விளக்கமும் இல்லை. 'பிலங்குவான்' என்ற சொல்லை ஒரு பிள்ளை எந்த வயதில், எந்த வாசலில் நின்று கற்கிறது என்பது மட்டும் இருக்கிறது.

2022 மே மாதம் மார்கோஸின் மகன் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற சில நாட்களில், அந்தப் பதிப்பகம் இராணுவச் சட்டக் காலம் பற்றிய தன் சிறுவர் நூல்களை ஒரு கட்டாகச் சேர்த்து விலைக்கழிவில் விற்பனைக்கு வைத்தது. தேசிய புலனாய்வு நிறுவனத்தின் அன்றைய தலைவர், பிள்ளைகளை மறைமுகமாகத் தீவிரவாதத்துக்கு இழுக்கும் வேலை இது என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். பெற்றோர் புத்தகங்களை வாங்க விழுந்தடித்தார்கள். கட்டுகள் தீர்ந்து, முன்பதிவில் விற்க வேண்டியிருந்தது.